மணி என்றால் எத்தனை மணி? செட்டிநாட்டு வீட்டில் நாய்க்குச் சொல் பழக்குதல்

பள்ளத்தூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதக் குட்டியாக வந்த நாய்க்கு ‘மணி’ என்று பெயர் வைத்தபோது அதில் ஒரு சிக்கல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதல் வாரம் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் காதை விடைத்துக்கொண்டு ஓடிவந்தது. மூன்றாம் வாரம் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் தலையைத் திருப்பவில்லை. காது மந்தமோ என்று சந்தேகப்பட்டு, அது முகப்பில் படுத்திருந்த நேரம் பார்த்து அடுப்படியில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தோம். வீட்டின் இரண்டு கட்டுகளை, அதாவது இரண்டு பகுதிகளை, தாண்டி ஓடிவந்து வாலை ஆட்டியபடி நின்றது. காரணம் பிறகுதான் புலப்பட்டது. கண் மங்கிப்போன அப்பத்தா பட்டாலையில் அமர்ந்தபடி நாளைக்கு இருபது தடவையாவது ‘மணி என்ன ஆச்சு?’ என்று கேட்பார். முதலில் ஒவ்வொரு தடவையும் குட்டி எழுந்து ஓடியது. அங்கே அதற்கு எதுவும் கிடைக்கவில்லை. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ஆகவே ‘மணி’ என்பது தனக்குரிய சொல் அன்று, மின்விசிறி ஓசையைப் போல வீட்டில் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் ஒலி என்று அது முடிவு கட்டிவிட்டது. கிடைத்த சான்றுகளைப் பார்த்தால் அதைவிடச் சரியான முடிவுக்கு யாரும் வந்திருக்க முடியாது.

வீட்டு நாய் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பதே என் கணிப்பு. நாய் பாடத்தைக் கற்காமல் இருப்பதில்லை. வீடு உண்மையில் என்ன கற்பிக்கிறதோ அதைப் பிசகில்லாமல் கற்றுக்கொள்கிறது. நாம் கற்பித்ததாக நினைப்பதும் நாம் உண்மையில் கற்பித்ததும் வேறுவேறாக இருப்பதுதான் தகராறு. பல தலைமுறை ஒரே கூரையின்கீழ் பேசிக்கொண்டிருக்கும், ஆனால் வருடத்தில் பாதி நாள் இரண்டு மூன்று பேர் மட்டுமே வசிக்கும் செட்டிநாட்டு வீடுகளில் இந்த இடைவெளி மற்ற இடங்களைவிடச் சற்று அகலமாகவே விழுகிறது.

இதற்குப் பின்னால் உள்ள அறிவியல் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவ், தம் ஆய்வுக்கூட நாய்களுக்குச் சோறு வருவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளின் காலடி ஓசைக்கே எச்சில் ஊறுவதைக் கவனித்தார். ஒரு ஒலிக்கு இயல்பிலேயே பொருள் கிடையாது. அதைத் தொடர்ந்து என்ன வருகிறதோ அதுவே அதன் பொருள். அதற்கும் முன்பே, 1898இல், எட்வர்டு தார்ன்டைக் என்ற அமெரிக்கர் பூனைகளைக் கூண்டுப் பெட்டிகளில் அடைத்து, நல்ல பலன் தந்த செயல் மறுபடி நிகழும், பலன் தராத செயல் மெல்ல உதிரும் என்று காட்டியிருந்தார். உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட ஆய்வில் இதை இன்னும் நுட்பமாக விரித்து, பலன் எப்போது வருகிறது, எத்தனை முறைக்கு ஒரு முறை வருகிறது என்பதெல்லாம் பழக்கத்தின் உறுதியைத் தீர்மானிப்பதை விளக்கினார். இன்று நாய் பழக்குவோர் செய்வது எல்லாம் இந்த மூவரின் கண்டுபிடிப்புகளைச் சமையலறைக்கும் வாசலுக்கும் கொண்டுவருவதுதான்.

முதலில் சொற்களை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் கட்டளையிட்டால்தான் நாய்க்குப் புரியும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தெருவில் பிறந்து வளர்ந்த நாட்டுநாயைக்கூட ‘சிட், சிட்’ என்று அதட்டுபவர்களைக் காரைக்குடியில் தினமும் பார்க்கலாம். நாய்க்கு மொழி கிடையாது, ஒலிதான் உண்டு. இருந்தாலும் இந்தப் பழக்கத்தில் தற்செயலாக ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது: அந்தச் சொல் வீட்டின் அன்றாடப் பேச்சில் அடிபடுவதில்லை. தமிழில் பழக்குபவர் அந்த நன்மையைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் யார் படியேறி வந்தாலும், முறை தெரிந்தவரோ தெரியாதவரோ, ‘வாங்க’ என்று சொல்லாமல் விடுவது பெரிய குற்றம். ஒரு கல்யாணத்தில் ‘வாங்க’ சொல்ல மறந்ததற்காக வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் ‘வா’ என்பதை நாயின் அழைப்புச் சொல்லாக வைத்தால் அதன் கதி ‘மணி’க்கு நேர்ந்த கதிதான். ‘வாங்க, உக்காருங்க’ என்று விருந்தினரை உபசரிக்கும் இடத்தில் ‘உக்காரு’ என்பதும் அந்த அளவுக்கு மலிந்த சொல்லே.

ஆகவே நாங்கள் ‘வா’வை விட்டுவிட்டு ‘ஓடியா’ என்று மாற்றினோம். வீட்டில் வேறு யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நீட்டிச் சொல்வதற்கும் வாகான சொல். கீழே போட வைக்க ‘விடு’, படுக்க வைக்க ‘படு’, வாசலில் நிறுத்த ‘நில்’ என்று ஒன்றோடொன்று குழம்பாத குறுஞ்சொற்கள் போதும். உட்காருவதற்கு மட்டும் வேறு வழியில்லாமல் ‘உக்காரு’வையே வைத்துக்கொண்டு, அதனுடன் உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்தும் சைகையைச் சேர்த்தோம். சொல்லும் சைகையும் முரண்பட்டால் நாய்கள் பெரும்பாலும் சைகையையே பின்பற்றுகின்றன என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. நடுமுற்றத்தைச் சுற்றி உயரமான கூரையும் வெறுந்தரையும் கொண்ட வளவில் குரல் எதிரொலித்து மெய்யெழுத்துகள் மங்கிவிடுவதால் அங்கே கைதான் நாக்கைவிடத் தெளிவாகப் பேசும்.

பெயரையும் மாற்றியிருக்கலாம், அப்பத்தா ஒப்பவில்லை. அதற்குப் பதிலாக, பெயரைச் சொல்லி நாய் கண்ணைப் பார்த்த அந்தக் கணமே ஒரு துண்டு அவித்த முட்டை என்று பத்து நாள் செய்ததில் ‘மணி’ பாதி உயிர் பெற்றது. மீதிப் பாதி இன்றுவரை கடிகாரத்துக்குரியதாகவே இருக்கிறது.

இனி உட்காரப் பழக்கும் முறை. பெருவிரல் நகம் அளவுள்ள தின்பண்டத்தை நாயின் மூக்கு நுனியில் பிடித்து, மெதுவாகத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால் மூக்கு மேலே போகும். மூக்கு மேலே போனால் பின்புறம் தானாகத் தரைக்கு இறங்கும். முதுகை அமுக்கத் தேவையில்லை. பின்புறம் தரையைத் தொட்ட அந்த நொடியில் ‘சபாஷ்’ என்று சொல்லி, உடனே தின்பண்டத்தைக் கொடுக்க வேண்டும். ‘சபாஷ்’ என்ற சொல்லைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ‘சரி’யும் ‘நல்லது’ம் வீட்டில் ஓயாமல் புழங்குபவை, ‘சபாஷ்’ என்று இப்போது யார் யாரிடம் சொல்கிறார்கள்? செயலுக்கும் பலனுக்கும் இடையே ஒரு விநாடிக்கு மேல் போனால், அந்த இடைவெளியில் நாய் செய்த வேறு ஏதோ ஒன்றுக்குக் கூலி போய்ச் சேர்ந்துவிடும். உட்கார்ந்த நாய்க்கு, டப்பாவின் மூடியைத் திறந்து எடுத்துக் கொடுப்பதற்குள் அது எழுந்துவிட்டதென்றால், நாம் எழுந்திருக்கத்தான் கற்பிக்கிறோம். ‘சபாஷ்’ என்ற ஒலி அந்த நொடியைக் குறித்து வைக்கும் முத்திரை. தின்பண்டம் ஓரிரு விநாடி தாமதித்தாலும் முத்திரை விழுந்த இடம் மாறாது. சொல்லை எப்போது சேர்ப்பது என்பதில் பலரும் அவசரப்படுகிறார்கள். கை அசைவுக்கு நாய் தவறாமல் உட்காரத் தொடங்கிய பிறகே, அசைவுக்குச் சற்று முன்னதாக ‘உக்காரு’ என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். ஐந்து தடவை சொல்லி ஐந்தாவதுக்கு உட்காரவைத்தால், ‘உக்காரு உக்காரு உக்காரு உக்காரு உக்காரு’ என்ற நீண்ட சொல்லைத்தான் அது மனப்பாடம் செய்யும்.

எங்கள் வீட்டில் இந்தப் பாடம் முதல் நான்கு நாள் நடக்கவே இல்லை. பின்புறம் பாதி இறங்கும். பிறகு இரண்டு பின்னங்கால்களும் பக்கவாட்டில் வழுக்கி விரியும். குட்டி பதறி எழுந்துவிடும். பிடிவாதம் என்று நினைத்தோம். உண்மையில் குற்றவாளி தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் சாயமும் சிமெண்டும் ஊற்றிக் கையால் வார்க்கப்படும் அந்தக் கற்கள், ஆண்டுக்கணக்கில் துடைத்துத் துடைத்து மேலும் வழவழப்பாகிவிடுகின்றன. மனிதப் பாதத்துக்கு அது சுகம். நகமும் சிறு மெத்தையும் கொண்ட குட்டியின் காலுக்கு அது சறுக்குமரம். ஒரு பழைய சாக்கை நான்காக மடித்துப் போட்டோம். அன்று மாலையே ‘உக்காரு’ முடிந்தது. அந்தச் சாக்கே பிறகு ‘உன் இடத்துக்குப் போ’ என்னும் பாடத்துக்கும் அடித்தளமாயிற்று.

தின்பண்டத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நம் வீட்டுக் குழம்பிலிருந்து எடுத்த கறித்துண்டு கூடவே கூடாது. சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை, பாயசத்தில் மிதக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, சாக்லேட்டும் நஞ்சு. வெந்த கோழி எலும்பு கூர்மையாகச் சிதறும். உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்த கோழி அல்லது முட்டை போதும். பாடத்தில் கொடுத்த அளவை இரவுச் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளலாம்.

வளவில் அழகாக உட்காரும் நாய் முகப்பில் நின்று விழிப்பதைப் பார்த்து ‘வேண்டுமென்றே செய்கிறது’ என்று சொல்பவர்கள், நாயின் கல்வியில் இடம் என்பதும் பாடத்தின் ஒரு பகுதி என்பதை மறந்துவிடுகிறார்கள். நாம் ‘உக்காரு’ என்று ஒன்றைத்தான் சொன்னோம். அது கற்றுக்கொண்டதோ ‘அந்தச் சாக்கின்மேல், தூணுக்குப் பக்கத்தில், மாலை வேளையில், இந்த ஆள் எதிரில் நின்றால் உட்காரு’ என்பதை. ஒரு கட்டில் படித்தது அடுத்த கட்டுக்குத் தானாக வராது. இந்த விஷயத்தில் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு ஒரு வரப்பிரசாதம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டில், கவனச் சிதறல் படிப்படியாகக் கூடும் வகுப்பறைகள் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. ஆள் நடமாட்டம் குறைந்த இரண்டாங்கட்டில் தொடங்கி, பிறகு வளவு, பிறகு மணம் வீசும் அடுப்படி, கடைசியாகத் தெருநாயும் பால்காரரின் வண்டியும் தெரியும் முகப்பு என்று போகலாம். இடம் மாறும்போதெல்லாம் ஓரிரு படி கீழே இறங்கி, முதல் நாள் போலவே தின்பண்டத்துடன் தொடங்க வேண்டும். ஒரு பாடம் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும். சித்திரை, வைகாசியில் விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டுமே. நாய் பெரும்பாலும் இரைப்பதன் மூலமாகவே உடற்சூட்டைத் தணிப்பதால், நடுப்பகல் வெயிலில் அது சொல்லைக் கேட்காமல் குளிர்ந்த கல்லில் வயிறு படப் படுத்திருப்பதற்குக் கீழ்ப்படியாமை என்று பெயரிட முடியாது.

முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் திறந்துகிடக்கும் வீட்டில் ‘நில்’ என்ற பாடம் உயிர்காக்கும் பாடம். நிலைக்கதவின் எதிரில் நாயுடன் நின்று, தாழ்ப்பாளை விலக்கி, கதவை ஒரு சாண் திறக்க வேண்டும். நாய் பாய முயன்றால் ஒன்றும் பேசாமல், மூக்கு நசுங்காதபடி, கதவைச் சாத்திவிட வேண்டும். மறுபடி ஒரு சாண். எட்டாவது, பத்தாவது தடவையில் அது தயங்கும். தயங்கிய அந்தக் கணமே ‘சபாஷ்’ சொல்லிக் கதவை முழுதாகத் திறந்து ‘போகலாம்’ என்று அனுமதி தரலாம். இங்கே தின்பண்டமே தேவையில்லை. நாய் எதை மிகவும் விரும்புகிறதோ அதையே கூலியாக வைப்பது என்னும் இந்த உத்திக்கு, 1959இல் டேவிட் பிரிமேக் என்ற உளவியலாளர் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். பாயும் நாயை எட்டி உதைத்துத் தடுப்பவர்கள் அந்த வாசலைச் சண்டைக்களமாக ஆக்கிவிடுகிறார்கள்.

கூப்பிட்டால் வருவது எல்லாவற்றிலும் கடினம். அதிலும் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களிடம் கடினம். கண்ணால் இரையைக் கண்டு துரத்தவென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை அவை. பொட்டலில் ஒரு முயலோ பூனையோ ஓடினால் அந்த நொடியில் உங்கள் குரல் அவற்றின் காதில் ஏறாது. லேப்ரடாருக்குச் சோற்றாசை அதிகம். அந்த இனத்தில் சுமார் நான்கில் ஒரு பங்கு நாய்களிடம் பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் குறைபாடு இருப்பதை 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே பக்கத்து வீட்டு லேப்ரடார் ஒரு வாரத்தில் கற்றதை உங்கள் நாட்டுநாய் ஒரு மாதத்தில் கற்றால் அது மூளைக் குறைவு அன்று.

கணக்குப்பிள்ளைகள் பேரேடு எழுதி ஐந்தொகை எடுத்த ஊர்க்காரர்களுக்குக் கூப்பிட்டால் வரும் பாடத்தை விளக்குவது எளிது. ‘ஓடியா’ என்ற சொல்லுக்கு நாயின் மனத்தில் ஒரு பற்று வரவுக் கணக்கு ஓடுகிறது. கூப்பிட்டதும் வந்து முட்டை கிடைத்தால் வரவு. வந்து, தடவிக்கொடுத்து, மறுபடி விளையாட விட்டால் அதுவும் வரவு. கூப்பிட்டுக் குளிப்பாட்டினால், மருந்தை ஊட்டினால், சங்கிலியில் கட்டிவிட்டுக் கதவைச் சாத்தினால் பற்று. அரை மணி நேரம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த நாயை அடித்தால் அது மிகப் பெரிய பற்று. ஏனெனில் ஓடியதற்கு அடி விழுந்ததாக நாய் எழுதாது, திரும்பி வந்ததற்கு விழுந்ததாகத்தான் எழுதும். கட்டிப்போடவோ குளிப்பாட்டவோ வேண்டுமானால் கூப்பிடாமல் நாமே நடந்து போய்ப் பிடிப்பது உத்தமம். இன்னும் ஒன்று: வராது என்று தெரிந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது. சும்மா கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அச்சொல்லின் மதிப்பு ஒரு பைசா தேய்கிறது. தொடக்கத்தில் நீளமான கயிறு கட்டி, வளவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இருவர் மாறிமாறிக் கூப்பிட்டுக் கொடுத்தால் ஒரு வாரத்தில் நல்ல முதல் சேரும்.

‘விடு’ என்பதையும் வணிகமாகவே நடத்த வேண்டும். மழைக்காலத்தில் வாய்க்காலோரத் தேரையைக் கவ்விக்கொண்டு நுரை தள்ளும் நாயின் வாயைப் பிளந்து பிடுங்கினால், அடுத்த முறை அது நம்மைக் கண்டதும் விழுங்கிவிடும். அதனிடம் இருப்பதைவிட நல்ல சரக்கை மூக்கருகே காட்டி, விட்டதும் கொடுத்து, ஆபத்தில்லாத பொருளாக இருந்தால் பழையதையும் திருப்பித் தந்துவிட்டால், விடுவதில் நட்டமில்லை என்று அதற்குப் பிடிபடும்.

இத்தனையையும் ஒரே ஒரு மனிதர் குலைத்துவிட முடியும். எங்கள் வீட்டில் அவர் என் பெரியப்பா. சாப்பிடும்போது நாய்க்குப் போடக் கூடாது என்பது சட்டம். அவரும் போடுவதில்லை, பத்து நாளைக்கு ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவைதான் மோசம். ஒவ்வொரு முறையும் கிடைத்துவந்த ஒன்று நின்றால் நாய் சீக்கிரம் கைவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாத ஒன்றை எளிதில் கைவிடாது என்பது ஸ்கின்னர் வழிவந்த ஆய்வுகளின் தெளிவான முடிவு. லாட்டரிச் சீட்டு வாங்குபவரை நினைத்துக்கொண்டால் போதும். இதில் ஒரு கண்ணியும் உண்டு: கொடுப்பதை அடியோடு நிறுத்தினால் குரைப்பும் பிறாண்டலும் குறைவதற்கு முன் சில நாள் கூடும். அந்த உச்சத்தில் மனம் இளகி ஒரு துண்டு போட்டால், இன்னும் உரக்கக் குரைக்க வேண்டும் என்பதுதான் நாய் பெறும் பாடம்.

அதட்டி அடக்கி ‘நான்தான் தலைவன்’ என்று காட்ட வேண்டும் என்ற வாதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களிடையே பதவிச் சண்டை நடப்பதை விவரித்தார். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய புகழ்பெற்ற நூல் அக்கருத்தைப் பரப்பியது. காட்டில் பல ஆண்டுகள் ஓநாய்களைக் கவனித்த அதே மெக், 1999இல், இயற்கையான ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பமே, பதவிச் சண்டை அங்கே வழக்கமில்லை என்று எழுதினார். தம் பழைய நூலை மறுபடி அச்சிட வேண்டாம் என்றும் பதிப்பகத்தைக் கேட்டுக்கொண்டார். முன்பின் தெரியாதவர்களை ஓர் அறையில் பூட்டிவைத்துவிட்டு, அவர்கள் சண்டையைப் பார்த்துக் கூட்டுக்குடும்பத்தைப் பற்றி நூல் எழுதியது போன்றது அந்தப் பழைய முடிவு. விலங்கு நடத்தையில் தேர்ந்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லாப் பயிற்சிக்கும் பரிசு சார்ந்த முறையையே பரிந்துரைத்தது. அடி சில சமயம் பலிக்கத்தான் செய்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை; உறுமலை அடித்து நிறுத்தினால் உறுமல் நிற்கும், எச்சரிக்கை இல்லாத கடி மிஞ்சும்.

செருப்பைக் கடித்துவிட்டுத் தலை தொங்கி நிற்கும் நாயைக் காட்டி, ‘அதற்கே தெரிகிறது பார்’ என்பார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட சோதனையில், உண்மையில் தப்புச் செய்ததா இல்லையா என்பதைவிட, வளர்ப்பவர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே நாய்களுக்கு அந்த முகம் வந்தது. அது நம் முகத்தைப் படித்த முகம்.

குட்டி வாங்குபவர்கள் வயதையும் கவனிக்க வேண்டும். மூன்று வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை உலகத்தோடு பழகும் பருவம். அப்போது பார்க்காத குடையும் தலைப்பாகையும் மேளமும் பிறகு பயமாக மாறலாம். அதே நேரத்தில் தடுப்பூசிகள் முடிந்திருக்காது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியே மூன்று மாத அளவில்தான் போடப்படும். தெருவில் இறக்கிவிடவும் முடியாது, வீட்டுக்குள் பூட்டவும் முடியாது. நம் ஊரில் இதற்குத் திண்ணை இருக்கிறது. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாலையில் அரை மணி திண்ணையில் உட்கார்ந்தால் ஊர் முழுவதும் முன்னால் நடந்து போகும்.

போன ஆண்டு எங்கள் வீட்டில் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு ஐம்பது பேர் கூடினார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளைகள் ‘சிட்’ என்றார்கள், சமையல்காரர் ‘ஓடு’ என்றார், யாரோ ஒருவர் வெங்காயம் போட்ட வடையை நீட்டினார். சொற்களை எழுதிய தாள் ஒன்றை முகப்புத் தூணில் ஒட்டி வைத்திருந்தேன். அதன்மேல் யாரோ பந்தி நேரத்தை ஒட்டிவிட்டார்கள். மூன்று நாளும் நாயைப் பின்கட்டில் அதன் சாக்கோடு விட்டுவைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். எல்லோரும் போன பிறகு இரண்டாங்கட்டிலிருந்து மறுபடி தொடங்கினோம். முதல் முறை ஒரு மாதம் பிடித்தது நான்கு நாளில் திரும்பி வந்தது. அப்பத்தா மட்டும் எந்தத் தாளையும் மதிப்பதில்லை. அவர் ‘குந்துடா’ என்பார், கை சைகையும் கிடையாது. நாய் உட்கார்ந்துவிடுகிறது. அதே ‘குந்துடா’வை நான் சொல்லிப் பார்த்தேன், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்பத்தாவின் பக்கம் திரும்பிக்கொண்டது. அவர் முந்தானை முடிச்சில் பொட்டுக்கடலை வைத்திருப்பது எனக்குத் தெரியவந்தது அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான்.